ஐபேடில் மெனு விரியவில்லையா? சந்தா கட்ட வேண்டாம்

கேள்வி: எங்கள் புடவைக் கடையின் இணையதளத்தில் மவுஸை மேலே கொண்டுபோனால் மெனு விரியும். ஐபேடில் சரியாக விரிவதில்லை என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள். கருவியைக் கண்டறியும் ஸ்கிரிப்ட் போட்டு, ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார் தளம் செய்து தந்தவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் பிரௌசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியைத்தான் படிக்கின்றன. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தது முதல், பெரும்பாலான ஐபேட்களில் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. ஆக, எந்தக் கருவிக்காகப் பணம் கேட்கிறாரோ அதிலேயே ஸ்கிரிப்ட் ஏமாறும். இதைச் சமாளிக்க, 'மேக் என்கிறது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களை உணர்கிறது, எனவே ஐபேட்' என்று கணக்குப் போடுவார்கள். தொடுதிரை உள்ள மேக் வந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். போதாததற்கு, ஐபேடுக்கே இப்போது டிராக்பேட் உண்டு. காலையில் அம்புக்குறியை நகர்த்துபவர் மாலையில் விரலால் தட்டுவார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

விண்டோஸ் மடிக்கணினியிலும் இதே கதைதான். திரை தொடுகையை ஏற்கும். கை மவுஸில் இருக்கும். தொடுதிரை இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பிரித்துப் பார்க்காமல் பில் போடுகிறார்களே என்பதுதான் ஆத்திரம்.

கோளாறு மெனுவில்தான். அது கிளிக்கில் திறக்கட்டும். அதை டிவ்வாக (வெறும் பெட்டியாக) இல்லாமல், எச்டிஎம்எல்லின் முறையான பட்டனாக எழுதினால் விரல், மவுஸ், கீபோர்டு மூன்றுக்கும் வேலை செய்யும். 'புடவைகள்' என்ற தலைப்பே லிங்க்காகவும் இருந்தால், தட்டியவுடன் வேறு பக்கம் போய்விடும். தலைப்பு மெனுவைத் திறக்க மட்டுமே இருக்கட்டும். உள்ளே முதல் வரியாக 'எல்லாப் புடவைகளும்' என்று லிங்க் வையுங்கள். மவுஸ் பட்டால்தான் தெரியும் விலையை எப்போதும் தெரியும்படி மாற்றுங்கள்.

மவுஸ் மேலே வந்தால் நிறம் மாறுவது போன்ற அலங்கார ஹோவர் மாற்றங்களை, தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஹோவர் மீடியா குவரிக்குள் (மவுஸ் போன்ற கருவி இருந்தால் மட்டும் செயல்படும் நிபந்தனை) போடச் சொல்லுங்கள். பட்டன்கள் எல்லாக் கருவிகளிலும் 44 பிக்சல் உயரம் இருக்கட்டும். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி குறைந்தபட்சமாகக் கேட்பது 24தான். கட்டைவிரலுக்கு அது போதாது. ஜூம் செய்ய விடாமல் தடுக்கும் வரி வியூபோர்ட்டில் (பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிப்பில்) இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

கணினியிலேயே மொபைல் திரையைப் போலக் காட்டும் குரோமின் மொபைல் மாதிரியில் காட்டிவிட்டு 'சரியாகிவிட்டது' என்றால் ஏற்காதீர்கள். நிஜ ஐபேடிலும், மவுஸ் செருகிய தொடுதிரை மடிக்கணினியிலும் உங்கள் கண்முன் மெனு விரிந்த பிறகு, ஒருமுறை வேலைக்கான கூலியை மட்டும் கொடுங்கள்.