பூஞ்சை மாத்திரையும் சாப்பிட மறுக்கும் நாயும்

கேள்வி: எங்கள் நாய் 20 கிலோ. தோலில் வட்டவட்டமாக முடி உதிர்ந்ததால், குட்டியை எங்களுக்கு விற்றவர் சொன்னபடி கீட்டோகோனசோல் 200 மி.கி. மாத்திரையைத் தினமும் ஒன்று கொடுத்துவந்தோம். பத்தாம் நாளிலிருந்து உணவைத் தொடுவதில்லை. இருமுறை வாந்தி எடுத்தது. மாத்திரைச் சூடுதான், பாதியாகக் குறைத்து லிவர் டானிக் கொடுங்கள் என்கிறார் அவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நாளைக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பசியின்மையும் வாந்தியும் இம்மருந்தில் அடிக்கடி வருபவை என்றாலும், அது வெறும் குமட்டலா கல்லீரல் பாதிப்பா என்பதைப் பரிசோதனை இல்லாமல் சொல்ல இயலாது. ஈறோ கண்ணின் வெண்பகுதியோ மஞ்சளித்தால் நாளைவரை காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் கல்லீரல் பெரும்பாலும் தேறிவிடும்; டானிக் குடிக்கவைத்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்வது பாதிப்பை மறைத்து நாளைக் கடத்துகிறது.

கல்லீரல் பாதிப்பைக் காரணம் காட்டி, மனிதர்களின் பூஞ்சைத் தொற்றுக்கு இம்மாத்திரையைப் பயன்படுத்துவதை நிறுத்திவைக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் பரிந்துரைத்தது. அத்தகைய மருந்தை, சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

இதைவிட அஞ்சவேண்டியது, குட்டி விற்பவர்கள் உண்ணிக்கென்று போட்டுவிடும் ஐவர்மெக்டின் ஊசி. அம்மருந்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் காவலைக் கீட்டோகோனசோல் தளர்த்திவிடுகிறது. கோலி இன நாய்களுக்குத்தான் ஐவர்மெக்டின் ஆகாது, நம் நாய்க்கு ஒன்றும் செய்யாது என்பார்கள். கோலி இனத்தில் பல நாய்களுக்கு அக்காவல் பிறவியிலேயே பழுதுபட்டிருப்பது உண்மைதான். ஆனால் இரண்டு மருந்துகளும் சேரும்போது, பழுதில்லாத நாய்க்கும் அதே ஆபத்தை நாமே வரவழைக்கிறோம். தள்ளாட்டம், நடுக்கம், எச்சில் வடிதல், விரிந்த கண்மணி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஓடுங்கள். ஊசி போட்டுப் பல நாள் ஆனாலும் அம்மருந்து உடலில் தங்கியிருக்கும் என்பதால், எந்த ஊசி, என்றைக்கு, எவ்வளவு என்று விற்றவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வட்டமாக முடி உதிர்வதெல்லாம் பூஞ்சை ஆகாது. டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சியாலும் அவ்வாறே உதிரும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று மருத்துவரிடமும் தயங்காமல் கேளுங்கள்.