முலு குகைக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள்

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலக் காட்டுக்குள் இருக்கிறது குனோங் முலு தேசியப் பூங்கா. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம். நான் நான்கு முறை போய் வந்திருக்கிறேன், கடைசியாக 71 வயது அம்மாவோடு. ஜூன் விடுமுறைக்குக் கிளம்பும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, லீவு கிடைப்பதே கஷ்டம். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பிவிட முடியுமா?

வேண்டாம்மா. முலுவுக்குச் சாலையே கிடையாது. இங்கிருந்து சரவாக்கின் மிரி நகருக்குப் போய், அங்கே சின்ன விமானம் மாறி அரை மணி நேரம் பறக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அந்த விமானம் தாமதமாகும்.

அதைவிட முக்கியம் வௌவால்கள். பூங்காவிலுள்ள மான் குகைக்குள் 12 வகை வௌவால்கள், இருபது முப்பது லட்சம் இருக்கும் என்பது கணக்கு. சாயங்காலம் இரை தேடிக் கூட்டமாக வெளியே வரும். மழை பெய்தால் பெரும்பாலும் வராது. என் முதல் பயணத்தில் ஒரே ஒரு இரவுதான் வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு மழை கொட்டியது. இருட்டும்வரை பார்வையாளர் மேடையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் காலை விமானம்.

அடுத்த முறை மூன்று இரவு தங்கினேன். இரண்டாம் நாள் வானம் வெளுத்திருந்தது. முதலில் குகை வாயிலில் அடுப்புப் புகை மாதிரி ஒரு கீற்று. அது வளையமாகச் சுழன்றது, பிறகு நீண்டு நாடாவாக நெளிந்து காட்டின் மேலே போனது. ஒரு நாடா முடிவதற்குள் அடுத்தது. தலைக்கு மேலே கடக்கும்போது முறத்தில் அரிசி புடைப்பது போல ஒரு சலசலப்பு. பருந்து ஒன்று பாய்ந்ததும் நாடா சட்டென்று வளைந்தது. வௌவால்பருந்து தனியாகச் சிக்கும் வௌவாலைத்தான் குறிவைக்கும், அதனால்தான் அவை அப்படி ஒட்டிச் சுழன்று பறக்கின்றன என்று வழிகாட்டி சொன்னார். அன்று என் பக்கத்தில் நின்ற சின்னப் பையன் வாயடைத்துப்போனான். உங்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு எடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: மாமியாருக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மான் குகைக்கும் லாங் குகைக்கும் பூங்கா அலுவலகத்திலிருந்து 3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளப் பலகைப் பாதை. மெதுவாக நடந்தால் போதும். மான் குகைக்குள் படிகள் உண்டு, ஈரமாகவும் இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்புவது இருட்டில். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், கைபேசி வெளிச்சம் போதாது.

தெளிநீர்க் குகை வேறு கதை. மெலினாவ் ஆற்றில் நீளப் படகில் போய், சுமார் 200 படி ஏற வேண்டும். பத்துமலையின் 272 படிகளைச் சமீபத்தில் ஏறியவர் என்றால் இதையும் ஏறிவிடுவார். முடியாதென்றால் கீழேயே ஓடைக் குளத்தருகே மேசை நாற்காலி இருக்கிறது. என் அம்மா அங்கே தண்ணீரில் கால் நனைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அதைத்தான் இன்றும் பேசுகிறார்.

ஜூரோங்கிலிருந்து: நான் எஸ் பாஸ் என்ற சிங்கப்பூர் வேலை அனுமதியில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். தனியாக ஏதாவது செய்யணுமா?

ஆமாம் தம்பி. மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை, அதனால் கூட வரும் நண்பர்களுக்கு இது ஞாபகம் வராது. இந்தியர்களுக்கான விசா விதி அவ்வப்போது மாறும், டிக்கெட் வாங்கும் முன் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கட்டும். கோலாலம்பூர் வழியாகப் போனாலும் சரவாக்கில் மறுபடி குடிநுழைவுச் சோதனை உண்டு, அது வழக்கம்தான்.

ஈசூனிலிருந்து: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

சோறும் காய்கறிப் பிரட்டலும் கிடைக்கும். ஆனால் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுதைப் போட்டுவிடுவார்கள். இறால், மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இங்கே தேக்காவில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வாங்கிக்கொண்டு போங்கள். சிங்கப்பூர் வெள்ளியை மலேசிய ரிங்கிட்டாக இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

பொங்கோலிலிருந்து: மகனுக்கு ஆஸ்துமா. குகையில் நாற்றம் அதிகம் என்கிறார்களே?

மான் குகையில் அதிகம்தான். வௌவால் எச்சம் மேடாகக் குவிந்து கிடக்கும், அமோனியா நெடி மூக்கில் ஏறும். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் முகக்கவசமும் இன்ஹேலரும் கையிலேயே இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். கைப்பிடிக் கம்பியிலும் எச்சம் இருக்கும், கை கழுவாமல் பிள்ளை எதையும் தின்னக் கூடாது. மேலே அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தெளிநீர்க் குகையிலும் காற்றுக் குகையிலும் இந்த நெடி எனக்குத் தெரிந்ததே இல்லை. மகனுக்கு அவை மட்டும் போதும் என்று முடிவு செய்தாலும் குறையொன்றுமில்லை.

தெம்பனிஸிலிருந்து: சரவாக் அறையைப் பார்க்க முடியுமா?

பரப்பளவில் உலகிலேயே பெரிய குகை அறை அது, 1981இல் கண்டுபிடித்தார்கள். 600 மீட்டர் நீளம். ஆனால் அது குகையேற்றப் பழக்கம் உள்ளவர்களுக்கானது, ஒரு முழு நாள் வேலை. முதல் தடவை போகிறவர் அதை விட்டுவிட்டு, தெளிநீர்க் குகை வாசலில் பாறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும், எல்லா ஊசியும் வெளிச்சம் வரும் பக்கமே சாய்ந்திருக்கும். பாறைமேல் வாழும் நுண்ணுயிர்ப் பாசி வெளிச்சத்தைத் தேடிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போனதன் தடம் அது. தொடாதீர்கள். குகைக்குள் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளையும் தொடக் கூடாது, விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அவை வளர்வது நின்றுவிடலாம்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து: முலு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நியா குகை பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லக் கூடாது, நியாவும் பெரிய இடம். மிரியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1958இல் அங்கே கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டு பழையது. 2024இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட கழிகளைப் பாருங்கள், சமையலுக்குப் போகும் பறவைக்கூடு எடுப்பவர்கள் ஏறுவதற்கானவை. பிறகு ஓவியக் குகை வரை நடந்து போய்ச் சுவரிலிருக்கும் சிவப்புப் படகு ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். காலை எட்டு மணிக்கே மிரியை விட்டால்தான் அவசரமில்லாமல் நடக்க முடியும்.