மேவெதரைப் பார்த்தால் ஏன் கொட்டாவி வருகிறது?

வணக்கம் தம்பி. குத்துச்சண்டை வீரர் மேவெதர் தன் 50 தொழில்முறைப் போட்டிகளிலும் தோற்காதவர், ஆனாலும் அவர் ஆட்டம் அலுப்பாக இருக்கிறது, ஹேக்லர்–ஹெர்ன்ஸ் மோதலை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், என் ரசனையில் குறையா என்று கேட்டிருந்தீர்கள்.

குறையே இல்லை. நான் அவனியாபுரத்துக்காரன். வாடிவாசல் தாண்டியதும் யார் கையிலும் சிக்காமல் ஓடிவிடும் காளையும் ஜெயித்த காளைதான். ஆனால் நின்று விளையாடும் காளையைத்தான் ஊர் வருஷக்கணக்கில் பேசும்.

1985இல் ஹேக்லர் அப்படி நின்றார். முதல் சுற்றிலேயே நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். மூன்றாம் சுற்றில் காயத்தைப் பார்க்க நடுவர் மருத்துவரையே அழைத்துவிட்டார். நிறுத்திவிடுவார்களோ என்ற நிலையில், அதே சுற்றில் ஹெர்ன்ஸைச் சாய்த்தார். எல்லாம் கைநழுவப் போகிறது என்று தெரியும்போதுதான் நமக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சரி, மேவெதரையும் விட்டுவிடாதீர்கள். அவர் கைகளைப் பார்க்காமல் இடது தோளை மட்டும் கவனியுங்கள். எதிராளியின் வலக்கைக் குத்து அதில் பட்டு வழுக்கிப் போகும், உடனே இவருடைய வலக்கை பாயும். 2013இல் கனேலோ அல்வாரெஸுடன் ஆடியதிலிருந்து தொடங்குங்கள்.