ஃப்ளூ ஊசி போட பேஷண்ட்ஸ எப்படி சம்மதிக்க வைக்கிறது?

கிளினிக்குக்கு வர்றவங்க ஃப்ளூ ஊசினாலே தயங்குறாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல "போட்டுக்கிறீங்களா?"னு கேக்காதீங்க, "இன்னைக்கு உங்களுக்கு ஃப்ளூ ஊசி இருக்கு, போட்டுடலாம்"னு இயல்பா சொல்லுங்க, பாதி பேர் அப்பவே கைய நீட்டிடுவாங்க.

"போன தடவ ஊசி போட்டுத்தான் காய்ச்சல் வந்துச்சு"ன்னு சொல்றவங்கள தயவுசெஞ்சு மறுத்துப் பேசாம முழுசா கேளுங்க, அப்புறம் ஊசில இருக்கறது செயலிழந்த வைரஸ், அதால ஃப்ளூ வராது, ஆனா ஒண்ணு ரெண்டு நாள் கைவலி, லேசான காய்ச்சல் வரலாம், பாதுகாப்பு கிடைக்க 2 வாரம் ஆகும், அதுக்குள்ள தொத்தியிருக்கலாம்னு பொறுமையா சொல்லுங்க. வைரஸ் மாறிட்டே இருக்கறதால வருஷா வருஷம் போடணும்.

கர்ப்பிணிங்க, சுகர், ஆஸ்துமா உள்ளவங்க, 65 வயசு தாண்டினவங்கள நீங்களே கூப்பிட்டு ஞாபகப்படுத்துங்க. சம்மதிச்சா அப்பவே போட்டுடுங்க, நாளைக்கு வாங்கன்னா பலபேர் வரமாட்டாங்க.