அண்மையில் வாங்கிய அன்றாடப் பொருள்களில் எவை கொடுத்த காசுக்குப் பெறுமதியாக இருந்தன?

கடந்த ஒரு வருடத்தில் வீட்டுக்கென்று வாங்கிய சிறு பொருள்களில் எவை விலைக்கேற்ற பயனைத் தந்தன, எவற்றை வாங்காமலே விட்டிருக்கலாம் என்பது கேள்வி. என்னிடம் இதற்கு ஞாபகத்தை விட நம்பகமான ஒரு சாட்சி இருக்கிறது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் டொலரொன்று 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டி, செப்டெம்பர் அளவில் பணவீக்கம் எழுபது சதவீதத்தை எட்டிய நாள்களில், சம்பளம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு சி.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேட்டில்) செலவுகளை எழுதத் தொடங்கினேன். இடப் பக்கத்தில் பொருள், திகதி, விலை. வலப் பக்கத்தை வெறுமையாக விட்டு, மூன்று மாதம் கழித்து அந்தப் பொருள் என்ன ஆனது என்று எழுதுவேன். விலைகள் ஓரளவு அடங்கிய பின்னரும் இந்தப் பழக்கம் விடவில்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் நானும் அம்மாவும் மட்டுமே வசிக்கிறோம் என்பதால், கொப்பியில் எழுதுவது நான் என்றாலும் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் அவர்தான்.

வலப் பக்கத்தில் மிக மோசமான குறிப்பைப் பெற்றது, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் வீதியோரக் கடையொன்றில் 1,200 ரூபாவுக்கு வாங்கிய கயிறிழுக்கும் மரக்கறி வெட்டி. இருபத்தைந்து நாள் திருவிழாவில் கச்சான் வாங்கப் போகிறவர்கள் ஏதாவதொரு பிளாஸ்ரிக் சாமானோடு வீடு திரும்புவது வழமை என்றாலும், நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். கடைக்கார இளைஞர் ஒலிவாங்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கரட்டையும் வெங்காயத்தையும் உள்ளே போட்டு ஐந்து முறை கயிற்றை இழுத்து, கடுகு போல நறுக்கியதை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். வீட்டில் நான் சம்பலுக்குச் சின்ன வெங்காயம் போட்டு இழுத்தபோது, பாதி அலகுகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முழுதாகவே கிடந்தது. மீதி அரைபட்டுத் தண்ணீர் விட்டுக் கசந்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அவன் வெட்டிக் காட்டினது பம்பாய் வெங்காயம், பிள்ளை. எங்கட வெங்காயத்தை உதுக்குத் தெரியாது" என்றார். பதினோராவது தடவையில் கயிறு அறுந்தது. தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) போட்டுக் கட்டினேன். அது கையை அறுத்தது. இப்போது அதன் கிண்ணத்தில் அம்மா வெந்தயம் ஊறவைக்கிறார், ஆகவே 1,200 ரூபாவும் முற்றாக வீண் என்று சொல்ல முடியாது.

அம்மாவின் அந்த வசனம் எனக்குப் பின்னர் பல இடங்களில் உதவியது. ஒரு பொருள் நல்லதா என்பதை விட, அது எங்கள் வீட்டையும் ஊரையும் தெரிந்த பொருளா என்று கேட்டால் கொப்பியின் வலப் பக்கத்தை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தில் அதற்கு நல்ல உதாரணம். நகரத்தில் ஒரு கடையில் 4,500 ரூபாவுக்கு, ஒரு வருட உத்தரவாதத்துடன் வாங்கியது. ஐந்தாவது மாதத்தில் தண்ணீர் கொதிக்க முன்னரே தானாக நின்றுவிடத் தொடங்கியது. உள்ளே பார்த்தால் அடித்தட்டு தெரியாத அளவுக்கு வெள்ளைப் படிவு, முட்டைக் கோது போலத் தடித்து, நகத்தால் நெம்பினால் செதில் செதிலாகக் கிளம்பிற்று. கடைக்குக் கொண்டுபோனபோது, இது தண்ணீரால் வந்த பிழை, உத்தரவாதத்துக்குள் அடங்காது என்று பற்றுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கோபம் வந்தாலும் அவர்கள் சொன்ன காரணம் பொய்யல்ல. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வற்றாத ஆறு கிடையாது, மழை நீர் அந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. வரும் வழியில் கரைந்த கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது காபனீரொட்சைட்டை விட்டுவிட்டுக் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. சாதாரண தரப் பரீட்சையில் "நிலையில்லா வன்மை" என்று பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கிய விடயத்தை, நாற்பது வயது கடந்து கேத்திலுக்குள் கண்டேன். மூன்று தேசிக்காயைப் பிழிந்து, கோதுகளையும் போட்டு, அரைக் கேத்தில் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, ஓர் இரவு அப்படியே வைத்தேன். விடிய அடித்தட்டு பளபளத்தது. இப்போது மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன், கேத்திலும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே கொப்பியில் முதலில் "நட்டம்" என்று எழுதியதை வெட்டி, "தேசிக்காயோடு சேர்த்தால் பெறுமதி" என்று திருத்த வேண்டியதாயிற்று. அடித்தட்டு மூடிய வகையை வாங்குங்கள்; சுருள் வெளியே தெரியும் வகையில் இந்தப் படிவைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

சிலவற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பேருந்து நிலையத்தில் 900 ரூபாவுக்கு வாங்கிய மடிப்புக் குடை, சோளகக் காற்றின் (தென்மேற்குப் பருவக் காற்றின்) முதல் வாரத்தில் மேல்நோக்கி விரிந்து தாமரையாயிற்று. வாசனைக்காக வாங்கிய விலை உயர்ந்த சவர்க்காரம் எங்கள் கிணற்று நீரில் நுரைக்க மறுத்தது. இரண்டையும் பற்றி மேலும் எழுதுவதற்கு எதுவுமில்லை.

மாறாக, புதிதாக எதையும் வாங்காமல் பழைய சைக்கிளுக்குச் செலவழித்த 8,200 ரூபாவை இந்தக் கொப்பியின் மிகச் சிறந்த செலவாகக் கருதுகிறேன். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்ட காலத்தில்தான் கொட்டிலிலிருந்து அதை வெளியே எடுத்தேன். பங்கீடு நீங்கியதும் மறுபடி கொட்டிலுக்குப் போன சைக்கிளை, கடந்த வருடம் இரண்டு டயர், இரண்டு ரியூப், சங்கிலி, பிறேக் கட்டைகள் எல்லாம் மாற்றி மீண்டும் வீதியில் இறக்கினேன். மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில், கொக்குவிலிலிருந்து நகரத்திலுள்ள அலுவலகத்துக்குச் சைக்கிளில் போவது சிரமமான காரியமல்ல. தினமும் போகிறேன் என்று பெருமையடிக்க மாட்டேன். மாரி மழையிலும் சித்திரை வெயிலிலும் ஸ்கூட்டிதான். பாதி நாள்கள் என்றே வைத்துக் கணக்குப் பார்த்தாலும் காலப்போக்கில் பெற்றோல் காசாகத் திரும்பிவிடும். அதை விட முக்கியமாக, எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சைக்கிள் கடை ஐயாவால் திருத்த முடியாத பாகம் ஒன்றுமே அதில் இல்லை.

சார்ஜ் பல்ப்பைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவான முடிவு கிடையாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இரண்டு வாங்கினோம். அந்த மாதங்களில் அவை இல்லாமல் சமையலறையில் நின்றிருக்க முடியாது. கடந்த வருடம் மறுபடி இரண்டு வாங்கியது வெறும் பயத்தினால்தான். மின்தடை அதிகம் வராததால் அவை அலுமாரிக்குள் சும்மா கிடந்து, தேவைப்பட்ட ஓர் இரவில் இரண்டும் எரியவில்லை. அன்று அம்மா தட்டின் மேலிருந்த ஜாம் போத்தலை எடுத்தார். 1990 களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெயும் அரிதாக இருந்த காலத்தில் நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்: போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு மட்டும் எண்ணெய், நடுவில் மெல்லிய திரி, காற்றை மறைக்கக் கண்ணாடிச் சுவர். முப்பது வருடம் கழித்தும் ஒரு தீக்குச்சியில் எரிந்தது. ஆனாலும் அந்தப் புகையையும் கண்ணெரிவையும் அனுபவித்தவள் என்ற முறையில், அதைப் புகழ்ந்து எழுத எனக்கு மனமில்லை. பல்ப்பை மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று கேத்தில் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கறித்தூள் கணக்கை மட்டும் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் நேரமில்லை என்று பைக்கற்றுக்கு மாறிவிட்டார்கள். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் மில் கூலியோடு சேர்த்து 2,900 ரூபா சென்றது. வறுத்ததில் நிறை குறைந்து 2.3 கிலோ தூள் கிடைத்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 1,260 ரூபா. அதே நாளில் நான் விலை பார்த்த பைக்கற்றுத் தூள் 2,000 ரூபாவுக்கு மேல். மிச்சம் பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு சனிக்கிழமைக் காலை முழுவதும் தும்மியபடி அடுப்படியில் நிற்க வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும். மிளகாய் கருகாமல், மணம் மாறும் அந்தக் கணத்தில் இறக்குவதற்கு எனக்கு இன்னும் கை வரவில்லை. அம்மாதான் மூக்கால் பார்த்து "காணும், இறக்கு" என்பார். மில்லில் அரைத்த தூளைச் சுடச்சுடப் போத்தலில் அடைக்காமல், பேப்பரில் பரப்பி ஆறவிட்டு அடைத்தால் நாலு மாதம் மணம் போகாது. வைகாசியில் கிலோ 900 ரூபாவுக்கு வாங்கிய முதல் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டுவர நான் முயலவில்லை. அம்மா விலையைக் கேட்டுத் திட்டிவிட்டு, கொட்டையை எனக்குத் தரவில்லை.

கொப்பியின் கடைசி வரி கடந்த கிழமை எழுதியது. திருநெல்வேலிச் சந்தையில் ஓர் ஆச்சியிடம் 350 ரூபாவுக்கு நீத்துப்பெட்டி, அதாவது புட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி, வாங்கினேன். எங்களிடம் எவர்சில்வர் புட்டுப்பானை இருக்கிறது. ஆனால் அதில் மூடியிலிருந்து நீர் சொட்டி மேற்புட்டு களியாகிறது, ஓலை அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அவித்து முடிந்ததும் கழுவி வெயிலில் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே அதன் ஒரே தொல்லை. அம்மா அதைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுனிப் பின்னல் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குக் கொண்டுபோனார். முந்தையது எட்டு மாதம் நின்றது. இதன் வலப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.