இரவு ஒரு மணிக்கு யார் எழுவது?

கேள்வி: மாமியார் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதமாகிறது. நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். இரவு 11, 1, 3, 5 மணிக்கு நான்தான் எழுந்து தனியாகப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். தூக்கம் கெட்டால் என் கணவருக்கு மறுநாள் வேலை ஓடாது. இப்போது வால் எலும்புப் பக்கம் சிவந்திருக்கிறது, பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தூக்கம் கெட்டால் அவருக்கு வேலை ஓடாது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஓடுகிறதா? அந்த வரியை நீங்களே நம்பியதால்தான் வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். விடாதீர்கள். சம்பளம் போகும், ராத்திரி உங்கள் தலையில்தான் இருக்கும், பகலும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. தேய்க்கவே கூடாது, உள்சதை நைந்துபோகும். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல் இழுக்கிறீர்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்கிறது. புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய பருத்திச் சேலையை மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போடுங்கள். தலைமாட்டுப் பக்கம் நகர்த்தும்போது ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும். இது இரண்டு பேர் வேலை. 11 மணிக்கும் 5 மணிக்கும் நீங்களும் உங்கள் கணவரும் நில்லுங்கள். இடையில் முதுகுத் தலையணையைப் பக்கம் மாற்றி 30 டிகிரி சாய்த்து வைக்க ஒருவர் போதும். கெண்டைக்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படக்கூடாது. சிவப்பு மறையும்வரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும்.

1 மணியும் 3 மணியும் ஒரு நாள் அவருக்கு, மறுநாள் உங்களுக்கு. பெற்ற தாய்க்கு மகன் எழுவது உதவி அல்ல, அவர் கடமை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமே பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைத்தான் சொல்கிறது, மருமகளைச் சொல்லவில்லை. மருமகளும் பார்க்கட்டும், பார்க்க வேண்டும் என்பவள்தான் நான். மகன் தூங்க, மருமகள் மட்டும் எழுவதை ஒப்பமாட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குச் சொல்லிவையுங்கள். வீட்டுக்கே வருவார்கள், புண்ணையும் காட்டலாம். தோல் உரிந்தாலோ நீர் கசிந்தாலோ அவர்களுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றிரவு 1 மணி அலாரத்தை அவர் செல்போனில் வையுங்கள். முதல் முறை கூட நின்று கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை அவர் செல்போன் அடிக்கும்போது நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.