பாட்டி ஊட்டினால் பையன் கெட்டுப்போவானா?

வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் கல்வி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளியில் தானாகச் சாப்பிடுகிறான் என்கிறார்கள். வீட்டில் தட்டை வைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறான், மாமியார்தான் ஊட்டிவிடுகிறார். "நாங்க சொல்லிக்கொடுக்கிறதை வீட்டுல கெடுக்கிறீங்க" என்று டீச்சர் கோபப்படுகிறார். மாமியாரிடம் சொன்னால், "புள்ள பசியோட படுக்கணுமா?" என்று அழுகிறார். நான் யார் பக்கம் நிற்பது?
— வாசகி, கரூர்

பள்ளியில் அவன் என்ன சாப்பிடுகிறான், எதால் சாப்பிடுகிறான் என்று கேட்டுப் பார்த்தீர்களா? அநேகமாக விளிம்பு உயர்ந்த தட்டு, ஸ்பூன், உப்புமா அல்லது எலுமிச்சை சாதம். வீட்டில் குழம்புச் சோறு, கையால். உப்புமாவை ஸ்பூனில் அள்ளுவதும், குழம்புச் சோற்றைப் பிசைந்து விரல் நுனியில் சேர்த்து ஒழுகாமல் வாய்க்குக் கொண்டுபோவதும் நமக்கு ஒரே சாப்பாடு. அவனுக்கு அது வேறு வேலை, இது வேறு வேலை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்வதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம். ஆகவே உங்கள் மாமியார் எதையும் கெடுக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டை அவனுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமியாரிடம் "இனி ஊட்டாதீங்க" என்று சொல்லாதீர்கள். ஊட்டும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். எதிரே உட்காராமல் அவனுக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம் உட்காரட்டும். அப்போதுதான் அவன் கை போகவேண்டிய திசையிலேயே அவர் கையும் போகும். சோற்றைப் பிசைந்து அவன் விரல்களில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோய், உதட்டருகே பிடியை விட்டுவிடட்டும். அந்தக் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் அவனுடையது. அது பழகியதும் நெஞ்சருகே விடலாம், பிறகு தட்டருகே. பிசைவதும் உருட்டுவதும் கடைசியாகத்தான் வரும். ஜட்டி போடக் கற்றுக்கொடுக்கும்போதும் இடுப்புக்கு இழுத்துவிடும் கடைசி இழுப்பில்தான் ஆரம்பிப்போம். வேலை முடிகிற இடத்தில் பலன் கையில் கிடைப்பதால் இந்த முறை நன்றாகவே பிடிக்கிறது.

நேரமும் முக்கியம். காலையில் வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டில், நல்ல பசி இருக்கும் முதல் ஐந்தாறு வாய்க்கு மட்டும். மீதியைப் பாட்டி வழக்கம்போல ஊட்டட்டும். பிள்ளையும் பசியோடு படுக்க மாட்டான். ஆரம்பத்தில் ரசம் வேண்டாம், கெட்டியாகப் பருப்புச் சோறோ தயிர்ச் சோறோ போதும்.

டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் ஒருநாள் டப்பாவில் குழம்புச் சோறு கொடுத்தனுப்புகிறேன், ஸ்பூன் இல்லாமல் சாப்பிட வைப்பீர்களா? முடிந்தால் பாட்டியையே ஒருநாள் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். சென்னை தியாகராய நகரில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், சின்னக் குழந்தைகளுக்கான பயிற்சியில் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்வார். அவர்கள் உருவாக்கிய 'உபநயன்' பாடத்திட்டத்தில் சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது எல்லாம் தனிப் பிரிவாகவே உண்டு. "வீட்டுல கெடுக்கிறீங்க" என்ற பேச்சு அங்கே எழ வழியில்லை. வீடுதான் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறதே.

ஆட்டிசம் உள்ள என் நான்கு வயது மகன் இன்னும் பேசவில்லை. "இரண்டு மொழி வேண்டாம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். என் மாமனாருக்கு ஆங்கிலம் வராது. இப்போது பேரனிடம் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்.
— வாசகி, தாம்பரம்

இந்த யோசனையை ஏற்க வேண்டாம். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு மேலும் தள்ளிப்போவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் ஆங்கிலத்தில் பேசினால் என்ன பேசுவீர்கள்? "கம், சிட், ஈட்." கொஞ்சுவது, திட்டுவது, காக்கா காட்டுவது எல்லாம் உங்களுக்குத் தமிழில்தானே வரும்? பயிற்சி மையத்தில் ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்தினால் அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'ஃபினிஷ்', 'வெயிட்', 'டாய்லெட்' மாதிரி பத்துப் பதினைந்து சொற்கள்தான் இருக்கும். அவற்றை அப்படியே தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் போட்டுப் பேசலாம், நாம் எல்லோரும் பேசுவது அப்படித்தான். மாமனாரை இன்றைக்கே பேசச் சொல்லுங்கள்.

வட்டாரத்திலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். மாதாமாதம் வேலைநாளில் காலை 11 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடத்துகிறோம். நாலைந்து அம்மாக்கள் வருகிறார்கள், அப்பாக்கள் யாருமே வருவதில்லை. பிள்ளைகள் மீது அக்கறையே இல்லையோ என்று தோன்றுகிறது.
— வாசகர், தருமபுரி

உங்கள் ஊர்ப் பக்கம் அப்பாக்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள் சார். அம்மா களை எடுக்கப் போயிருப்பார். 11 மணிக் கூட்டத்துக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு வேறு. இதை வைத்து அக்கறையை அளக்காதீர்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969-ல் தொடங்கிய திட்டத்தை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் கிராமப்புறம்தான், வீடுகள் தூரத்தூரமாக இருந்தன. குழந்தைகளை மையத்துக்கு வரவழைப்பதை விட்டுவிட்டு, ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனார். அந்த வாரத்துக்கான வேலையை அம்மாவுக்குச் செய்துகாட்டி, அவரையும் செய்யவைத்துப் பார்த்துவிட்டு வந்தார். மற்ற நாட்களில் அம்மாதான் டீச்சர். உங்களால் வாரம் ஒருமுறை முடியாது, உங்களுக்கு எத்தனை ஊர் என்று எனக்குத் தெரியும். அப்பா ஊருக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருவத்துக்கு ஒருமுறை போனால்கூடப் போதும்.

போனதும் படிவத்தை எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன கற்றுத்தரப் போகிறோம் என்று தனித்தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. பல இடங்களில் முழுக்க நிரப்பிய தாளை நீட்டி அங்கே கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் திட்டத்தைப் பார்த்தேன். மணிகளை நிறவாரியாகப் பிரிப்பாள், வடிவங்களைப் பொருத்துவாள் என்று அழகாக எழுதியிருந்தது. "உங்களுக்கு எதும்மா ரொம்பக் கவலை?" என்று அம்மாவிடம் கேட்டேன். "வயசுக்கு வந்துட்டா எப்படிம்மா சமாளிப்பேன்?" என்றார். மணிகளை எடுத்துவைத்துவிட்டு, நாப்கினை ஜட்டியில் ஒட்டுவது, மாற்றியதைத் தாளில் சுற்றுவது, கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுவது என்று ஆரம்பித்தோம். வயதுக்கு வரும் முன்பே பழக்கிவிட்டால் அந்த நாளில் பயந்து அலறாது பிள்ளை.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வீட்டில் அவன் எதில் கெட்டிக்காரன்? வகுப்பில் பத்துப் பாசிமணிகளை எண்ணத் தெரியாத பையன், சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிய ஆடுகளில் எது வரவில்லை என்று சரியாகச் சொல்வான். இது உங்கள் மதிப்பீட்டுத் தாளில் எங்கேயும் வராது. அவனுடைய அப்பாவுக்குத்தான் தெரியும்.

என் இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது, படிப்பில் கெட்டி. கற்றலில் பின்தங்கிய அக்காவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தரச் சொல்லலாமா?
— வாசகி, மதுரை

வேண்டாம். கேரம் ஆடட்டும், சண்டை போடட்டும். அவனைத் தம்பியாகவே இருக்க விடுங்கள்.

மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். அடுத்த வருடம் 18 முடிகிறது. "அதோடு பள்ளி முடிந்தது" என்கிறார்கள். பேங்கில் கேட்டால் காப்பாளர் சான்று வேண்டும் என்கிறார்கள். பெற்ற அப்பா நான் இருக்கும்போது அது எதற்கு?
— வாசகர், சிவகாசி

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. பள்ளி சொல்லும் கணக்கு அதுதான். 18 முடிந்ததும் சட்டப்படி உங்கள் மகள் வயதுவந்தவர். அப்பா என்பதாலேயே அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளராக நியமிக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் விசாரியுங்கள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். இவருக்குக் காப்பாளர் தேவைதானா, தேவையென்றால் எந்தெந்த விஷயங்களுக்கு என்று குழு பார்க்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மொத்தமாக எல்லாவற்றுக்கும் கேட்காதீர்கள். எதைத் தானே முடிவுசெய்ய விரும்புகிறார் என்று முதலில் மகளிடம் கேளுங்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் உள்ள வீடு, நிலம் முதலான எல்லாச் சொத்துகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பள்ளியில் மிச்சமிருக்கும் ஒரு வருடத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் பேசுங்கள். போனில் உங்கள் எண்ணை அழைப்பது, தெருமுனைக் கடைக்குத் தனியே போய்வருவது, 100 ரூபாய் கொடுத்தால் மீதி வாங்காமல் நகராமல் இருப்பது, இவை போதும். நோட்டு, சில்லறை பழக்குவதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். கடை உங்கள் தெருவில் இருப்பதால் மற்றது உங்கள் பாடம். கடை அண்ணாச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: கூட்டமாக இருந்தாலும் மீதியைத் தானாக அவள் கையில் திணிக்காமல், அவள் கேட்கும்வரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லி.